முன்விரோதம் என்று எழுதி மூடிய கணக்கு

வெறுப்பினால் நடக்கும் குற்றத்தை ஒரு நாடு எப்படி எழுதிவைக்கிறதோ, அப்படித்தான் அதற்குப் பதிலும் சொல்லும். நம் பதிவேடுகள் எதை எழுதுகின்றன, எதை விழுங்குகின்றன?

செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் நாம் தினமும் கடந்துபோகிற சொல் ஒன்று உண்டு: முன்விரோதம். ‘முன்விரோதத்தில் வாலிபருக்கு வெட்டு’, ‘முன்விரோதம் காரணமாக வீட்டுக்குத் தீவைப்பு’. நிருபர் இதைச் சொந்தமாக எழுதுவதில்லை. காவல் நிலையத்தில் சொன்னதை எழுதுகிறார். காவல் நிலையம் சொல்வதும் முழுப் பொய்யாக இருப்பதில்லை. கோயில் திருவிழாவிலோ, வாய்க்கால் தண்ணீரிலோ, தெருவுக்குள் பைக்கை வேகமாக ஓட்டியதிலோ இரு தரப்புக்கும் ஏதோ ஒரு தகராறு இருந்திருக்கும். ஆனால் அந்தத் தகராறு ஏன் அரிவாள் வரை போனது, அதே பைக்கை அதே வேகத்தில் சொந்தத் தெருப் பையன் ஓட்டியிருந்தால் வெட்டு விழுந்திருக்குமா என்ற கேள்விகளுக்கு அந்த ஒற்றைச் சொல்லில் இடமில்லை. வெறுப்பு நம் ஊர்களில் ஒளிவுமறைவாக நடமாடுவதில்லை. அது மறைவது தாளில், ‘காரணம்’ என்று எழுத வேண்டிய இடத்தில்.

‘கொலை என்றால் கொலைதானே, அதில் வெறுப்புக் கொலை என்று எதற்குத் தனியாக?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கான விடை 1970களின், 80களின் பழைய செய்தித்தாள்களில் இருக்கிறது. ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’ என்ற செய்தி அப்போது அன்றாடம் வந்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ் மாமியாரையும் நாத்தனாரையும் விட்டுவிட்டுப் புது மருமகளை மட்டும் தேடிப்பிடித்து எப்படி வெடிக்கிறது என்று பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கிக் கேட்டன. 1986ல் வரதட்சணை மரணம் என்ற குற்றம் தண்டனைச் சட்டத்தில் 304பி பிரிவாக ஏறியது. இன்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் அதற்குத் தனிப் பத்தி உண்டு. பெயர் வைத்ததால் வரதட்சணைச் சாவு ஒழிந்துவிடவில்லை. ஆனால் தனித்தனி விபத்துகளாகக் கிடந்தவை ஒரே குற்றம் என்று தெரிந்தது; சந்தேகம் ஸ்டவ்விலிருந்து வீட்டாரிடம் நகர்ந்தது. வெறுப்புக் குற்றத்துக்கும் இதே கணக்குதான். அதில் அடிபடுகிறவர் அவருக்காக மட்டும் அடிபடுவதில்லை. ஒரு தெருவுக்கு, ஒரு சமூகத்துக்கு அவர் மூலமாகச் சேதி அனுப்பப்படுகிறது. அந்தச் சேதியை அரசு வாசிக்க வேண்டுமானால் முதலில் அதை எழுதிவைக்க வேண்டும். ஆகவே வெறுப்புக் குற்றத்துக்கு ஒரு நாடு தருகிற முதல் பதில் பதிவுதான். தண்டனை, நிவாரணம், தடுப்பு எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

‘பி.சி.ஆர். கேஸ்’

வெறுப்புக் குற்றம் என்ற சொல் மேலைநாட்டிலிருந்து வந்தது, நமக்குப் பொருந்தாது என்று சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்கா வெறுப்புக் குற்றங்களை எண்ணுவதற்கென்று சட்டம் போட்டது 1990 ஏப்ரலில். அதே ஆண்டு ஜனவரி 30 அன்றே இந்தியாவில் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பெயர்தான் வேறு, செய்வது அதே வேலை. இந்தச் சட்டத்தின்கீழ் புலன்விசாரணை செய்பவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். தனி நீதிமன்றம் உண்டு, பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணத் தொகை உண்டு, கடமை தவறிய அதிகாரிக்குத் தண்டனை உண்டு. மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையிலும் மாநிலத்தில் முதலமைச்சர் தலைமையிலும் கண்காணிப்புக் குழுக்கள் கூட வேண்டும். இவ்வளவு கட்டுமானம் வெறுப்புக் குற்றத்துக்காகப் பல நாடுகளில் கிடையாது. தமிழ்நாட்டில் இதை இன்றும் ‘பி.சி.ஆர். கேஸ்’ என்கிறார்கள். 1955ன் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1976ல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஆனபோது ஒட்டிக்கொண்ட சுருக்கப் பெயர் அது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் பெயர் மாறவில்லை. நிலையத்தில் வழக்கு எழுதும் கையும் பெரும்பாலும் மாறவில்லை.

அந்தக் கையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். புகார் கொடுக்க வந்தவருக்கு முதலில் கிடைப்பது எஃப்.ஐ.ஆர். அல்ல, சி.எஸ்.ஆர். ரசீது, மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. ‘பேசிப் பார்க்கலாம்’ என்பது அடுத்த கட்டம். பேச்சு முடிவதற்குள் எதிர்த்தரப்பிலிருந்து ஒரு கவுண்டர் புகார் வந்து சேரும். இரண்டு வழக்கையும் தராசின் இரு தட்டில் வைத்தால் ராஜிக்கு வழி பிறந்துவிடும். அதையும் தாண்டி எஃப்.ஐ.ஆர். எழுதும்போது, சாதிப் பெயரைச் சொல்லி ஏசியது ‘அசிங்கமான வார்த்தைகளால் திட்டி’ என்று தாளில் இறங்கும். வன்கொடுமை வழக்குக்கு உயிர்நாடியே ஏசிய அந்தச் சொல்தான். அதை ‘அசிங்கம்’ என்று நாசூக்காக மாற்றிவிட்டால், ஆபாசமாகத் திட்டியது, கையால் அடித்தது, கொலைமிரட்டல் விட்டது என்ற வழக்கமான மூன்று பிரிவுகளோடு அது ஏதோ ஒரு தெருச்சண்டையாகிவிடும். பிறகு நீதிமன்றத்தில் வழக்கறிஞர் எவ்வளவு வாதாடினாலும் தாளில் இல்லாத வெறுப்பை உள்ளே கொண்டுவருவது கடினம்.

காவல் நிலையத்தைத் தாண்டிய வழக்குக்கும் கண்டம் தீர்ந்துவிடுவதில்லை. மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்டத்துக் கயர்லாஞ்சியில் 2006 செப்டம்பர் 29 அன்று ஒரு தலித் குடும்பத்தின் நான்கு பேரை ஊரார் கூட்டமாகத் திரண்டு அடித்துக் கொன்றார்கள். விசாரணை நீதிமன்றம் 2008ல் ஆறு பேருக்குத் தூக்கும் இரண்டு பேருக்கு ஆயுளும் விதித்தது; 2010ல் உயர் நீதிமன்றம் அதை 25 ஆண்டுச் சிறையாகக் குறைத்தது. தண்டனை கடுமையானதுதான். ஆனால் இரண்டு நீதிமன்றங்களும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்றன. அந்தக் குடும்பத்துத் தாய் வேறொரு தாக்குதல் வழக்கில் சாட்சி சொல்லியிருந்தார். இது அதற்கான பழிவாங்கல், சாதி காரணமல்ல என்பது வாதம். நம் மாவட்டச் செய்தியின் முன்விரோதம் இங்கே தீர்ப்பு மொழியில் வந்து நிற்கிறது. ஒரு தலித் பெண் சாட்சிக் கூண்டில் ஏறிய துணிச்சலைப் பொறுக்க முடியாமல் கொன்றால், அந்தப் பழிக்குள் சாதி இல்லாமல் எப்படிப் போகும்? 2015ன் சட்டத்திருத்தம் இந்த முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தியது. ‘பட்டியல் சாதியினர் என்ற காரணத்துக்காக’ என்று நிரூபிக்க வேண்டிய இடத்தில், ‘பட்டியல் சாதியினர் என்று தெரிந்தே’ என்று நிரூபித்தால் போதும் என்றானது. கீழ்வெண்மணியில் 1968ல் 44 பேர் எரிந்து செத்தது கூலித் தகராறா சாதிக் கொடுமையா என்று இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிற நாட்டில், இது சிறிய மாற்றமல்ல.

எண்ணத் தொடங்கிக் கைவிட்ட கதை

வன்கொடுமைச் சட்டத்துக்கு ஒரு எல்லை உண்டு. அது குற்றத்தின் காரணத்தைவிட, பாதிக்கப்பட்டவர் யார் என்பதைத்தான் முதலில் பார்க்கிறது. வரலாற்றுக் காரணங்களால் அது சரிதான். ஆனால் மதத்துக்காகவோ மொழிக்காகவோ பிறந்த மாநிலத்துக்காகவோ அடிபடுகிறவர் இந்தப் பதிவேட்டில் வரமாட்டார். தலித் இளைஞரைக் காதலித்ததற்காகச் சொந்தக் குடும்பமே கொன்ற பெண்ணும் வரமாட்டார். அவருடைய சாவுக்கும் அதே வெறுப்புதான் காரணம், எழுதுவதற்குத்தான் இடமில்லை. ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை தமிழ்நாட்டில் இவ்வளவு காலம் ஓயாமல் ஒலிப்பதற்கு இந்த ஓட்டையும் ஒரு காரணம்.

கும்பல் கொலைகளின் கதை இதைவிட மோசம். 2015ல் உத்தரப்பிரதேசத்தின் தாத்ரியில் மாட்டிறைச்சி வைத்திருந்ததாகக் கிளம்பிய வதந்தியில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டதிலிருந்து அடுத்தடுத்து இத்தகைய கொலைகள் நடந்தன. 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் எஸ்.பி. நிலையில் ஒரு பொறுப்பு அதிகாரி வேண்டும் என்றது. இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றும்படி நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தது. இதற்கிடையே தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2017ல் கும்பல் கொலை, பசுப் பாதுகாப்பின் பெயரிலான வன்முறை, வெறுப்புக் குற்றம் ஆகியவற்றின் விவரங்களை மாநிலங்களிடமிருந்து திரட்டத் தொடங்கியிருந்தது. அந்த ஆண்டின் அறிக்கை 2019 அக்டோபரில் தாமதமாக வெளிவந்தபோது அந்தப் பத்திகள் அதில் இல்லை. இக்குற்றங்களுக்கு வரையறை இல்லாததால் விவரங்கள் நம்பத்தக்கவையாக இல்லை, அதனால் திரட்டுவதை நிறுத்திவிட்டோம் என்று 2021 டிசம்பரில் உள்துறை இணையமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். வரையறை இல்லை என்பது உண்மைதான். ஆனால் வரையறுக்க வேண்டியவரே வரையறை இல்லை என்று கைவிரித்தால், தராசு சரியில்லை என்று சொல்லி வியாபாரி எடை போடுவதையே நிறுத்திய கதையாகத்தான் முடியும்.

இன்னொரு சிக்கல் கணக்கு எழுதும் முறையில் இருக்கிறது. ஓர் எஃப்.ஐ.ஆரில் பல பிரிவுகள் இருந்தாலும், அவற்றில் எது பெரிய குற்றமோ அதன் கீழ் மட்டுமே காப்பகம் அதை எண்ணும். கொலையோடு, சமூகங்களிடையே பகை மூட்டிய பிரிவும் சேர்ந்திருந்தால், ஆண்டறிக்கையில் அது கொலை. பகை கணக்கில் ஏறாது. அதாவது குற்றம் எவ்வளவு கொடியதோ, அதன் காரணம் மறைந்துபோவதற்கும் அவ்வளவு வாய்ப்பு. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு இங்கே ஒரு கதவைத் திறக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி அல்லது சமூகம், பாலினம், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணங்களுக்காகக் கொலை செய்தால் தூக்கு அல்லது ஆயுள். மதம் என்ற சொல் இந்தப் பட்டியலில் நேரடியாக இல்லை; நான்கு பேர் சேர்ந்து கொன்றால் பிரிவு பொருந்தாது. ஆனாலும் இந்தியக் குற்றச் சட்டம் கொலையின் காரணத்தைப் பொதுவான ஒரு பிரிவில் கேட்பது புதிது. இனி வரும் ஆண்டறிக்கைகளில் இதற்குத் தனிப் பத்தி இருக்கிறதா, இல்லை பொதுக் கொலைக் கணக்கில் கரைந்துவிடுகிறதா என்பதில்தான் இந்தப் பிரிவின் மதிப்பு இருக்கிறது.

சைபரைக் கண்டால் சந்தேகப்படுங்கள்

லண்டனின் எல்தம் பகுதியில் 1993 ஏப்ரல் 22 இரவு பஸ்ஸுக்குக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின மாணவரை வெள்ளை இளைஞர்கள் குத்திக் கொன்றார்கள். காவல்துறை விசாரணையில் கோட்டைவிட்டது. இருவர் தண்டிக்கப்படுவதற்கே 2012 ஆகிவிட்டது. இடையில் 1999ல் வந்த மெக்பர்சன் அறிக்கை, இனவெறி அந்தக் காவல்துறையின் அமைப்புக்குள்ளேயே ஊறியிருக்கிறது என்றது. கூடவே எளிய விதி ஒன்றையும் தந்தது: பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ இது இனவெறிச் சம்பவம் என்று கருதினால், அப்படியே பதிவுசெய். உண்மையா இல்லையா என்று பிறகு விசாரித்துக்கொள். விளைவு என்ன தெரியுமா? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவல்துறை பதிந்த வெறுப்புக் குற்றங்கள் 2012–13ல் சுமார் 42,000. 2018–19ல் 1,03,000ஐத் தாண்டின. ஆனால் காவல் நிலையத்துக்குப் போகாதவர்களையும் வீடுவீடாகக் கேட்டு எடுக்கும் குற்றக் கணக்கெடுப்பு வேறு கதை சொன்னது: 2007–09 காலத்தில் ஆண்டுக்கு 3,07,000 ஆக இருந்த மதிப்பீடு, 2015–18 காலத்தில் 1,84,000 ஆகக் குறைந்திருந்தது. பதிவு ஏறியது, குற்றம் இறங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதா என்ற வாக்கெடுப்பை ஒட்டி 2016ல் வெறுப்பு உண்மையிலேயே எகிறியதும் நடந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிந்ததே, அவர்களிடம் இரண்டு கணக்கு இருந்ததால்தான்.

அமெரிக்கா இதற்கு எதிர்ப்பாடம். அங்கே எஃப்.பி.ஐ.க்கு விவரம் அனுப்புவது உள்ளூர்க் காவல்துறைகளின் விருப்பம். 2019ல் 15,588 காவல் அமைப்புகள் இதில் பங்கேற்றன. ஒரு குற்றமாவது நடந்ததாகச் சொன்னவை 2,172 மட்டுமே. மற்றவை எல்லாம் சைபர். நாடு முழுவதற்கும் சேர்த்து 7,314 சம்பவங்கள் பதிவாயின. நீதித்துறையின் கணக்கெடுப்போ ஆண்டுக்குச் சுமார் இரண்டரை லட்சம் என்கிறது. 2016ல் டல்சாவில் லெபனான் வம்சாவளிக் குடும்பத்து இளைஞர் ஒருவரைப் பக்கத்து வீட்டுக்காரர் சுட்டுக் கொன்றார். 2017ல் சார்லட்ஸ்வில்லில் நிறவெறியை எதிர்த்துத் திரண்டவர்கள்மீது ஒருவர் காரை ஏற்றியதில் ஓர் இளம்பெண் இறந்தார். இரண்டிலும் வெறுப்புக் குற்றத்துக்கான தண்டனையே கிடைத்தது. ஆனாலும் இரண்டு கொலைகளும் எஃப்.பி.ஐ.யின் கணக்கில் ஏறவில்லை. இந்த வெட்கக்கேட்டுக்குப் பிறகுதான், பதிவுமுறையைச் சீர்படுத்த நிதி தரும் சட்டத்தை அமெரிக்கா 2021ல் இயற்றியது. அங்கே சீக்கியர்களுக்கு எதிரான குற்றம் என்ற கட்டமே படிவத்தில் 2015ல்தான் ஏறியது. விஸ்கான்சின் மாநிலத்துக் குருத்வாராவில் புகுந்து ஒருவன் சுட்டதில் ஆறு பேர் இறந்தது 2012ல்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நம் ஆண்டறிக்கையைப் பார்க்கலாம். 2022ல் பட்டியல் சாதியினருக்கு எதிராக நாடு முழுவதும் 57,582 குற்றங்கள் பதிவாயின. இதில் ராஜஸ்தானில் மட்டும் 8,000க்கு மேல். பட்டியல் சாதி மக்கள்தொகையில் ராஜஸ்தானைவிடப் பெரிய மேற்கு வங்கத்தில் நூற்றுச் சொச்சம். வங்கத்தில் சாதியே இல்லை என்று நம்புவதற்கு எந்த முகாந்திரமும் இல்லை. ராஜஸ்தானில் 2019ல், நிலையத்தில் மறுத்தால் எஸ்.பி. அலுவலகத்திலேயே எஃப்.ஐ.ஆர். பதியலாம் என்று வழி திறந்தார்கள். எண்ணிக்கை கூடியதில் அதற்கும் பங்கு உண்டு. எண் ஏறியதும் ‘குற்றம் பெருகிவிட்டது’ என்று எதிர்க்கட்சி பாய்கிறது; எண் இறங்கியதும் ‘சட்டம் ஒழுங்கு சீரானது’ என்று ஆளுங்கட்சி மார்தட்டுகிறது. இந்த விளையாட்டில், புகாரை வாங்கிப் பதிகிற ஆய்வாளர் தன் மாவட்டத்துக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறவர் ஆகிறார். தட்டிக்கழிப்பவர் திறமைசாலி ஆகிறார்.

மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு, பொய் வழக்கு. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே இந்தக் கவலையை ஏற்று, வன்கொடுமை வழக்கில் முன்விசாரணை செய்யலாம், கைதுக்கு முன்அனுமதி வேண்டும் என்றது. நாடு கொந்தளித்தது, நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து அதை மாற்றியது, 2020ல் உச்ச நீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றது. பொய்ப் புகார் எந்தச் சட்டத்திலும் வரும், இதிலும் வரும். ஆனால் மத்திய அரசின் அறிக்கைப்படி 2022ல் இச்சட்டத்தின்கீழ் தண்டனை விகிதம் 32.4 சதவீதம் என்பதைக் காட்டி, மிச்சமெல்லாம் பொய் என்பது தவறான கணிதம். ஆண்டுக்கணக்கில் இழுக்கும் விசாரணை, பிறழ் சாட்சி, ஊருக்குள் வாழ வேண்டிய கட்டாயத்தில் போடும் ராஜி என்று விடுதலைக்குப் பல வாசல்கள் இருக்கின்றன. இதே விகிதம் 2020ல் 39.2 ஆக இருந்தது. இரண்டே ஆண்டில் மக்கள் இவ்வளவு கூடுதலாகப் பொய் சொல்லத் தொடங்கிவிட்டார்களா, அல்லது வழக்கு நடத்துவது தளர்ந்ததா?

இரண்டாவது மறுப்பு கனமானது: ஒருவர் மனசுக்குள் இருந்த வெறுப்பைக் காவலர் எப்படி அளப்பது? அளவு மீறினால் அது கருத்துச் சுதந்திரத்தின் கழுத்தைப் பிடிக்காதா? பிடிக்கும். பிரிட்டனில் குற்றமே ஆகாத பேச்சுகளையும் ‘வெறுப்புச் சம்பவம்’ என்று காவல்துறை பெயரோடு பதிந்துவந்தது. 2021ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது பேச்சுரிமையைப் பாதிக்கிறது என்று சொன்ன பிறகு விதிகளை இறுக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டில் பகை மூட்டும் பிரிவு விமர்சகர்கள்மீதும் பாய்வதைப் பார்த்திருக்கிறோம். ஆகவே கோட்டைத் தெளிவாகப் போட வேண்டும்: அடி, தீவைப்பு, கொலை, சொத்து நாசம் என்று ஏற்கெனவே குற்றமாக இருப்பதன் காரணத்தை மட்டும் பதிய வேண்டும், வெறும் பேச்சு இந்தப் பதிவேட்டுக்குள் வரக் கூடாது. காரணத்தைக் கண்டறிய மனசைப் பிளந்து பார்க்க வேண்டியதில்லை. தாக்கும்போது சொன்ன சொல், தேர்ந்தெடுத்த நாள், இடம், விட்டுச்சென்ற அடையாளம், இதற்கு முன் நடந்தவை என்று வெளியே தெரியும் தடயங்களை எஃப்.பி.ஐ. தன் வழிகாட்டியில் அடுக்குகிறது. முதலில் போகிற காவலர் சந்தேகத்தைக் குறிக்கிறார். மேலதிகாரி ஒருவர் அதைச் சரிபார்த்து முடிவெடுக்கிறார். கொலையில் உள்நோக்கத்தை நிரூபிக்கத் தெரிந்த காவல்துறைக்கு இது வேற்றுமொழி அல்ல.

மூன்றாவது, இப்படி எண்ணினால் சமூகம் பிளவுபடும், நாட்டுக்குக் கெட்ட பெயர் வரும் என்பது. பிளவு எண்ணுவதற்கு முன்பே இருந்ததால்தான் குற்றம் நடந்தது. எண் இல்லாத இடத்தை வதந்தி நிரப்பும். அவரவர் செல்போனுக்கு அவரவர் தரப்புக் காணொளி வரும். எந்தக் கொலை வெறுப்பினால் நடந்தது, எது அப்படி இல்லை என்று சொல்லும் தகுதி அரசிடமிருந்து நழுவிப்போகும். எல்லாச் சமூகங்களுக்கும் ஒரே அளவுகோலில் எடுத்த நம்பகமான கணக்கு, பெரும்பான்மையினர் தரப்பில் பாதிக்கப்பட்டவரையும் சேர்த்துத்தான் காக்கும்.

செய்ய வேண்டியவை பிரம்மாண்டமானவை அல்ல. எஃப்.ஐ.ஆரில் ‘வெறுப்புக் காரணம் உண்டா’ என்று ஒரு கட்டம். பாதிக்கப்பட்டவர் சொன்ன சொல்லை நாசூக்காக்காமல் அப்படியே எழுதும் கட்டாயம். பெரிய குற்றத்துக்குள் காரணம் கரைந்துபோகாமல் தனிக்குறி. காவல் நிலையத்தைத் தாண்டிய உண்மையை அறிய ஆண்டுக்கொரு கணக்கெடுப்பு. ஆட்சியர் தலைமையிலான குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உண்மையிலேயே கூடி அந்தத் தாள்களைப் படிப்பது. எந்த ஊரில் எந்தத் திருவிழாவுக்கு முன் பகை மூள்கிறது என்பதை அந்தத் தாள்கள்தான் சொல்லும். வெட்டு விழுந்த பிறகு குவிக்கும் போலீஸை வெட்டு விழும் முன்பே நிறுத்த முடியும்.

எழுதுவதில் என்ன இருக்கிறது என்று இன்னும் தோன்றினால், விருத்தாசலம் பக்கத்தில் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட கண்ணகியும் முருகேசனும் 2003 ஜூலையில் விஷம் ஊற்றிக் கொல்லப்பட்ட வழக்கை நினைத்துப் பார்க்கலாம். உள்ளூர்க் காவல்துறை இரு தரப்பிலிருந்தும் ஆட்களைக் குற்றவாளிகளாகச் சேர்த்து, மகனைப் பறிகொடுத்த தலித் குடும்பத்தாரையும் கொலையாளிகள் பட்டியலில் எழுதியது. வழக்கு சி.பி.ஐ.க்கு மாறி, 2021ல் தீர்ப்பு வந்து, உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தபோது 2025 ஏப்ரல். தண்டனை பெற்றவர்களில் பெண்ணின் வீட்டாரோடு இரண்டு காவல் அதிகாரிகளும் உண்டு. அந்த அதிகாரிகள் கொலையில் கை வைத்தவர்கள் அல்ல. வழக்கைத் திரித்து எழுதியவர்கள். அந்த முதல் தாளைத் திருத்தி எழுதுவதற்கு இந்த நாட்டுக்கு 22 ஆண்டுகள் ஆயின.